மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில்

மூன்று வாரமாக என் மனைவியின் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. அவள் எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறாள் என்று முடிவு செய்திருந்தேன்.

அவளுக்கு ஆறாவது மாதம். கர்ப்பத்தோடு வந்த சர்க்கரை. காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் பேனாவைத் தொடையில் குத்திக்கொள்வாள். முதலில் பத்து யூனிட் போதுமாக இருந்தது. பிறகு டாக்டர் பதினான்கு ஆக்கினார். போன வாரம் பதினெட்டு.

“சாப்பாட்டுல ஒழுங்கா இருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இருக்கேன்” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தேன்.

“அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. அப்பவும் இறங்கலைன்னா அட்மிட் பண்ணிடலாம். இவ்வளவு சர்க்கரை பிள்ளைக்கு நல்லதில்லை.”

திரும்பி வரும்போது அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. குற்றமுள்ளவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம். தொழில் அப்படி. நிறுவனங்களில் நடக்கும் விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே எழுத்தாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். பேச்சை எழுதினால் மட்டும் போதாது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இரண்டு நொடிக்கு மேல் மௌனம் இருந்தால் அதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். கிடங்கின் சாவி யாரிடம் இருந்தது? (நான்கு நொடி.) எனக்குத் தெரியாது. பதினோரு வருடமாக இதே வேலை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சௌக்கியமா என்று கேட்டாலும் என் தலைக்குள் நொடி ஓடும்.

என் மேசைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் ஃபேன் சத்தம் போட ஆரம்பித்தது. ஓட ஆரம்பிக்கும்போது பத்து நொடி கடகடவென்று அடிக்கும். பிறகு ஒரே சீராக உறுமும். சீரான உறுமல் தொந்தரவில்லை. காது அதைத் தள்ளி வைத்துவிடும். அந்தக் கடகடதான் ஆகாது. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வரும்போது யாருடைய மௌனமாவது அதில் முழுகிவிடும்.

ஒரு வழி கண்டுபிடித்தேன். உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று உண்டு. ஒன்று முதல் ஏழு வரை. எங்கள் வீட்டில் அது எப்போதும் மூன்றில் இருக்கும். ஏழில் வைத்தால் ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடும். நிற்காவிட்டால் மறுபடி ஓட ஆரம்பிக்க வேண்டியதில்லை. கடகட இல்லை. காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் ஏழில் திருப்பி வைப்பேன். மாலையில் அவள் சாவி கதவில் நுழையும் சத்தம் கேட்டால் எழுந்து போய் மூன்றில் வைப்பேன். அவளிடம் சொல்லவில்லை. பால் உறையும், கரண்டு வீணாகும் என்று ஏதாவது சொல்வாள். வேலை நடந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். டாக்டர் பதினான்கு சொன்ன அன்று மாலை, குடையை எடுப்பதற்காக அவளுடைய கைப்பையைத் திறந்தேன். உள்ளே ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தது. பச்சை நிறம், இரண்டு முனையும் முறுக்கியது.

“இது என்ன?”

“மிட்டாய் பேப்பர்.”

“அது தெரியுது. யாரு சாப்பிட்டது?”

“கடைக்கு வர்ற குழந்தைங்க அழாம உட்காரணும்னு குடுப்போம். ஒண்ணு பேப்பரை என் கையில திணிச்சுட்டுப் போச்சு.”

பதில் உடனே வந்தது. ஒரு நொடிகூட இல்லை. தயாராக வைத்திருந்த பதில் என்று குறித்துக்கொண்டேன்.

அண்ணி போனில் கூப்பிட்டபோது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணிக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

“வாயும் வயிறுமா இருக்கிறவ. ஆசை இருக்கத்தானே செய்யும்? உன் அண்ணன் பிள்ளை வயித்துல இருக்கும்போது நான் சமையலறையில நின்னுக்கிட்டே ஒரு டப்பா சர்க்கரையைக் காலி பண்ணேன். உன் அண்ணன் எறும்புன்னு நினைச்சு மருந்து வாங்கிட்டு வந்தாரு.”

“அவ அப்படி இல்லை அண்ணி.”

“நானும் அப்படி இல்லைன்னுதான் உன் அண்ணன் இன்னிக்கும் சொல்லிக்கிட்டு இருக்காரு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு. டப்பாவையெல்லாம் அடையாளம் வெச்சுப் பாரு.”

அடையாளம் வைத்தேன். ஜாம் பாட்டிலின் மேல், ஜாம் நிற்கும் மட்டத்தில், கறுப்புப் பேனாவால் மெல்லிய கோடு. பிஸ்கட் பொட்டலத்தின் வாயை நான் மட்டும் கண்டுபிடிக்கும்படி மடித்து வைத்தேன். ஜாம் கோட்டை விட்டு இறங்கவில்லை. மடிப்பு கலையவில்லை. வீட்டில் கைவைக்காமல் வெளியே சாப்பிடுகிறாள் என்றுதான் அதற்கும் பொருள் கொண்டேன்.

கோட்டை அவள் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

“நான் கதவைத் திறக்கும்போது நீங்க தினமும் சமையலறையில இருந்துதான் வர்றீங்க.”

“தண்ணி குடிச்சேன்.”

“தினமும் அதே நேரத்துல தாகம் எடுக்குது.”

“எடுக்கக் கூடாதா?”

“எடுக்கட்டும். பாட்டிலை எண்ணி முடிச்சுட்டீங்கன்னா சொல்லுங்க, நான் சமைக்கணும்.”

நான் பாட்டில் எண்ணத்தான் போகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

இதற்கிடையில் முட்டைகள் விரிசல் விட்டன. வெள்ளரிக்காய் கண்ணாடி மாதிரி ஆகி, வெட்டினால் நீராக வடிந்தது. “பால்ல ஐஸ் மிதக்குது பாருங்க” என்றாள். பழைய ஃப்ரிட்ஜ் என்றேன். சத்தமும் மாறியது. இப்போது ஏழில் வைத்தாலும் கடகட நிற்கவில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து தகரத்தைச் சுரண்டுவது போல, நாள் முழுக்க. வியாழக்கிழமை ஒரு காசாளரின் விசாரணையை நான்கு முறை கேட்டும் அவர் எங்கே தயங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டாக்டரிடம் போக வேண்டும். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

நாலு மணிக்கு வருகிறேன் என்றவர் இரண்டரைக்கே மணி அடித்தார். ஓடிப்போய்க் குமிழை மூன்றுக்குத் திருப்பிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா. ஆண் சட்டை, தோளில் பை, கையில் மடக்கு ஸ்டூல். உள்ளே வந்ததும் ஃப்ரிட்ஜின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“எத்தனை நாளா இந்தச் சத்தம், தம்பி?”

“ரெண்டு மாசமா இருக்கு. இந்த அளவுக்குப் பத்து நாளா.”

“யாராவது கையை வெச்சீங்களா?”

“இல்லைக்கா. யாரும் தொடலை.”

“சரி” என்றார். “நான் போற வீட்ல எல்லாம் யாருமே தொடுறதில்லை. ஃப்ரிட்ஜ் தானாவே ஸ்க்ரூவைக் கழட்டிக்குது, தானாவே கத்தியால ஐஸைக் குத்திக்குது. நான் எத்தனை பார்த்துட்டேன்.”

மேலே இருந்த ஃப்ரீசர் கதவைத் திறந்தார். சத்தம் சட்டென்று நின்றது.

“பாருங்க. திறந்தா நல்ல பிள்ளை. மூடினா ஆட்டம். கதவுல ஒரு சுவிட்ச் இருக்கு. திறந்ததும் ஃபேன் நின்னுடும். எங்க வீட்டுக்காரரும் இதே ரகம்தான்.”

கதவோரத்தில் இருந்த சின்ன பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்தார். திறந்த கதவுக்குள் ஃபேன் கடகடவென்று அடித்தது. விரலை எடுத்தார். நின்றது. மறுபடி அழுத்தினார். அடித்தது.

“ஐஸ் உரசுது. எல்லாத்தையும் வெளியே எடுத்து வைங்க.”

நான் எடுத்துக் கொடுக்க, அவர் மேசையில் அடுக்கினார். விரிசல் விட்ட முட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளரிக்காயைத் தட்டிப் பார்த்தார். ஜாம் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது என்ன கோடு? சின்னப் பசங்க இருக்காங்களா வீட்ல?”

“இல்லை.”

“எலியா?”

“இல்லைக்கா.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாட்டிலை வைத்தார். நான் சமையலறை ஜன்னலைத் துடைத்தேன்.

ஃப்ரீசரின் பின்பக்கத் தகட்டில் நான்கு ஸ்க்ரூ. கழற்றி, பொங்கல் பொங்குவது போல் வெளியே தள்ளிக்கொண்டிருந்த தகட்டை மெதுவாகப் பெயர்த்தார். உள்ளே குழாய்கள் தெரியவில்லை. வெள்ளைச் சுவர் மாதிரி ஐஸ். அதன் நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஃபேன். இறக்கை நுனி சுற்றிச் சுற்றி ஐஸில் ஒரு வட்டம் அறுத்திருந்தது.

“முடி காய வைக்கிற மெஷின் இருக்கா?”

மனைவியுடையதைக் கொண்டு வந்தேன். கீழே துணி விரித்து, சூட்டைக் குறைத்து, கையை நிறுத்தாமல் காட்டச் சொன்னார். நான் காட்டினேன். தண்ணீர் வடிய ஆரம்பித்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கீழ்க்கதவுக்குள் தலையை விட்டார். டார்ச் அடித்தார்.

“தம்பி.”

“சொல்லுங்கக்கா.”

“இந்தக் குமிழை யாரு திருப்புறது?”

“யாரும் திருப்புறதில்லை. எப்பவும் மூணுலதான்.”

“இங்க வந்து பாருங்க.”

மெஷினை அணைத்துவிட்டுக் குனிந்தேன். குமிழைச் சுற்றி எண்கள். ஒன்றிலிருந்து மூன்று வரை மஞ்சளாக மெல்லிய அழுக்குப் படிந்திருந்தது. மூன்றிலிருந்து ஏழு வரை துடைத்துவிட்டது போல் வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“இது ஒரு நாள் ரெண்டு நாள் திருப்பினது இல்லை” என்றார்.

(ஆறு நொடி.)

“நீங்களா, வீட்டம்மாவா?”

“நான்தான். சத்தம் வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சு. ஏழுல வெச்சா நின்னு நின்னு அடிக்காது.”

“அடிக்காதுதான். இந்த ஃப்ரிட்ஜ் அப்பப்ப தன் ஐஸைத் தானே கரைச்சுக்கும். நீங்க ஏழுல போட்டு மூச்சு விடாம ஓட்டினா கரையறதைவிடச் சேர்றது அதிகமாயிடும். முதல்ல வந்த சத்தம் என்னன்னு நினைக்கிறீங்க? ஃபேனுக்குப் பின்னாடி ஒரு ரப்பர் தேஞ்சிருக்கு. அஞ்சு நிமிஷ வேலை. மத்த அத்தனை ஐஸும் நீங்க வளர்த்தது.”

அவர் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். அதற்குள் அவர் மேல்தட்டின் கடைசியில் கையை விட்டு, நான் எடுக்காமல் விட்டிருந்த ஒன்றை எடுத்தார். மனைவியின் பேனா. குளிர்காற்று வரும் துளைக்கு நேர் எதிரே வைத்திருப்பாள். அங்கேதான் மருந்து நன்றாக இருக்கும் என்று அவளுக்கு நினைப்பு. போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பாள்; அதற்குள் உருகியிருக்கும்.

“இது யாருக்கு?”

“என் மனைவிக்கு.”

அவர் மூடியைக் கழற்றி, பேனாவைச் சாய்த்தார். கண்ணாடிக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழி. இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். குமிழி நகரவில்லை.

அவர் சிரிப்பு போய்விட்டது.

“எங்க மாமியாருக்கும் இதான் போடுறோம். உறைஞ்சா தூக்கிப் போடணும், தம்பி. அப்புறம் உருகிப் பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்ள வேலை செய்யற சங்கதி செத்துப் போயிருக்கும். தண்ணி மாதிரி.”

“ஒரே ஒரு தடவை உறைஞ்சாக்கூடவா?”

“எத்தனை தடவை உறைஞ்சுது?”

அவர் பேனாவை என் கையில் கொடுத்தார். ஐஸ்குச்சி மாதிரி இருந்தது.

அவர் மிச்ச ஐஸைக் கரைத்தார். ரப்பரை மாற்றினார். தகட்டை மூடி நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினார். கதவை மூடினார். இருவரும் நின்று கேட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நான் காதைக் கதவில் வைக்க வேண்டியிருந்தது.

“மூணுலயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேசையில் உட்கார்ந்தேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்து ரொம்ப நாளாகிவிட்டது. காசாளரின் பதிவை ஓட்டினேன். அவர் தயங்கிய இடம் இப்போது துல்லியமாகக் கேட்டது. ஏழு நொடி. குறித்தேன்.

யோசித்தேன். பேனாவைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஃப்ரிட்ஜ் ரிப்பேரின்போது கெட்டுவிட்டது என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. புதிது போட்டால் சர்க்கரை இறங்கும். டாக்டர் அவளைப் பாராட்டுவார். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

ஐந்து மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

“மெக்கானிக் வந்தாங்களா?”

“வந்தாங்க. சரியாயிடுச்சு.”

“நல்லது. பேனா தீரப் போகுதுல்ல, புதுசு வாங்கிட்டேன். மருந்துக் கடையில ஐஸ் பையில வெச்சுக் குடுத்திருக்காங்க. இன்னிக்கே மாத்திக்கிறேன்.”

“சரி.”

போனை வைத்தபோது நிம்மதியாக இருந்தது. நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. தானாகச் சரியாகிக்கொண்டிருந்தது.

பிறகுதான் பதினெட்டு நினைவுக்கு வந்தது.

கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார்.

“இன்சுலின் உறைஞ்சு போய், தெரியாம அதையே போட்டுக்கிட்டு இருந்தா, அதனால அளவையும் ஏத்தியிருந்தா... புதுசுல அதே அளவு போடலாமா?”

“யாருக்கு?”

“தெரிஞ்சவங்களுக்கு.”

“தெரிஞ்சவங்களை உடனே எதுவும் போட வேணாம்னு சொல்லுங்க. செத்த மருந்துக்கு ஏத்தின அளவு அது. நல்ல மருந்துல அவ்வளவும் போட்டா சர்க்கரை தடால்னு விழுந்துடும். மயக்கம், ஃபிட்ஸ், எது வேணா வரலாம். கர்ப்பமா?”

“ஆமா.”

“எந்த மாசம்?”

“ஆறு.”

“சார், டாக்டர் எட்டு மணி வரைக்கும் இருக்காங்க. வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

மனைவியை மூன்று முறை அழைத்தேன். பஸ்ஸில் அவளுக்குப் போன் கேட்காது.

ஆறரைக்குச் சாவி நுழையும் சத்தம். என் கால் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பியது. நிறுத்தி, கூடத்தின் நடுவில் நின்றேன்.

அவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள்.

“என்ன, இன்னிக்குத் தாகம் இல்லையா?”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். ஐஸ் பையிலிருந்து புதுப் பேனாவை எடுத்து ஊசியை மாட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்து, பின்பக்கத் திருகை அளவுக்குத் திருகினாள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு டிக். ஃப்ரிட்ஜ் சத்தமில்லாததால் ஒவ்வொன்றும் கேட்டது. பதினொன்று. பன்னிரண்டு.

“போடாதே” என்றேன்.

“ஏன்?”

“பழைய மருந்து கெட்டுப்போனது. நான்தான் கெடுத்தேன். சத்தம் வரக் கூடாதுன்னு தினமும் நீ போனதும் குளிரை ஏழுல வெச்சேன். உன் பேனா உறைஞ்சு போச்சு. இத்தனை நாளா நீ போட்டுக்கிட்டது தண்ணி. அதனாலதான் சர்க்கரை இறங்கலை. நீ எதுவும் சாப்பிடலை.”

“நான் எதுவும் சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும்.”

“புதுசுல பதினெட்டு போட்டா ஆபத்து. நர்ஸைக் கேட்டேன். இப்பவே கிளம்பி வரச் சொன்னாங்க.”

பேனாவை மேசையில் வைத்தாள்.

“எத்தனை நாளா?”

“சர்க்கரை ஏற ஆரம்பிச்சதுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்து.”

“நான் வர்ற நேரத்துக்கு அதை மூணுக்குத் திருப்பி வைக்கத்தான் சமையலறைக்குப் போனீங்களா?”

“ஆமா.”

“ஜாம் பார்க்க இல்லை.”

“அதையும் பார்த்தேன்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு இல்லைன்னு நினைச்சிருந்தா, எதுக்கு நான் வர்றதுக்குள்ள திருப்பி வெச்சீங்க?”

அதற்கு என்னிடம் தயாரான பதில் எதுவும் இல்லை.

“நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன்” என்றாள். “ஒருவேளை தூக்கத்துல எழுந்து போய்ச் சாப்பிடறேனோன்னு. என் மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு.”

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். மருத்துவக் கோப்பை எடுத்தாள். செத்த பேனாவையும் புதுப் பேனாவையும் தனித்தனி உறையில் போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் ஜாம் பாட்டிலுடன் வந்தாள்.

“அது எதுக்கு?”

“டாக்டர் கேட்டா காட்டறதுக்கு. என் பக்கம் இருக்கிற ஒரே சாட்சி இதுதான். நீங்களே கோடு போட்டது.”

ஆட்டோவில் பாட்டிலை மடியில், வயிற்றுக்குக் கீழே, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

டாக்டர் அவள் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தார். குழந்தையின் துடிப்பைக் கேட்டார். அது வேகமாக, ஒரே சீராக, இடைவெளி இல்லாமல் ஓடியது. புதுப் பேனாவில் பத்து என்று எழுதினார். இன்றிரவு அவள் இங்கேயே இருக்கட்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம் என்றார். பிறகு உறைக்குள் இருந்த பழைய பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

“இது எப்படி உறைஞ்சுது?”

மனைவி மடியில் ஜாம் பாட்டிலோடு என் பக்கம் திரும்பினாள். டாக்டரும் திரும்பினார். நர்ஸும் நின்று பார்த்தார்.

என் தலைக்குள் நொடி ஓட ஆரம்பித்தது. இரண்டு. மூன்று. நான்கு.